தியானத்தில் அமைதி, எழுந்தால் பழைய கோபம்: யோக நெறிப்படி இது முன்னேற்றமா?

கேள்வி: தினமும் காலையில் அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். உட்கார்ந்தால் நல்ல அமைதி கிடைக்கிறது, சில நாள் ஒளிகூடத் தெரிகிறது. ஆனால் எழுந்த பிறகு யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் பழைய கோபம் அப்படியே வருகிறது. சில நாள் முன்பைவிட அதிகமாகவே வருகிறது. நான் முக்தியை நோக்கிப் போகிறேனா, இருந்த இடத்திலேயே சுற்றுகிறேனா?

பதில்:

அமைதி வருவது நல்லதுதான். ஆனால் யோக நூல்கள் அதை வைத்து முன்னேற்றத்தை அளப்பதில்லை. கிலேசம், அதாவது மனத்தை அடியிலிருந்து வாட்டும் மாசு, எவ்வளவு இளைத்திருக்கிறது என்பதுதான் அங்கே அளவுகோல். உங்கள் கேள்வியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, முதலில் அதைப் பிரித்துவிடலாம்.

உட்காரும்போது அடங்குவது விருத்தி, அதாவது அந்த நேரத்து எண்ண ஓட்டம். எழுந்ததும் திரும்புவது கிலேசம். பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில் ஐந்து கிலேசங்களைச் சொல்கிறார் (2.3, அதாவது இரண்டாம் பாதம், மூன்றாம் சூத்திரம்): அவித்யை, அஸ்மிதை, ராகம், துவேஷம், அபிநிவேசம். அதாவது மெய்யறியாமை, நான் என்னும் பிடிப்பு, விருப்பு, வெறுப்பு, உயிர்மேல் உள்ள பற்று. அடுத்த சூத்திரத்தில் இவற்றுக்கு நான்கு நிலைகள் வருகின்றன. உறங்கிக் கிடப்பது பிரசுப்தம், இளைத்துப்போனது தனு, வேறொன்றால் மறிக்கப்பட்டு மறைந்திருப்பது விச்சின்னம், முழு வீச்சில் நடப்பது உதாரம்.

தியானத்தின்போது உங்கள் கோபம் எந்த நிலையில் இருக்கிறது? இளைத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது விச்சின்னம். இந்த இடத்தில் யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரை சொல்வது உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: ராகம் நடக்கும் நேரத்தில் கோபம் தலைகாட்டாது, அதனால் கோபம் இல்லை என்று ஆகிவிடாது. இப்போது தியானத்தில் கிடைக்கும் சுகத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். நாளைக்கும் அது வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்கிறீர்கள். வராத நாளில் ஏமாற்றமாக இருக்கிறது. சுகத்தைத் தொடர்ந்து போவது ராகம், துக்கத்தைத் தொடர்ந்து வருவது துவேஷம் (2.7, 2.8). அமைதிமேல் வைத்த ராகம்தான் அந்த அரை மணி நேரமும் கோபத்தை மறைத்து வைத்திருக்கிறது. எழுந்ததும் யாரோ கதவைத் தட்டுகிறார், கைபேசி ஒலிக்கிறது. சுகத்துக்கு இடைஞ்சல் வந்துவிட்டது, துவேஷம் வெளியே வருகிறது. சில நாள் முன்பைவிட அதிகமாகக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான். தியானம் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தியானத்தில் பாதி வேலைதான் நடக்கிறது.

மீதிப் பாதி பகலில் நடக்க வேண்டியது. அதற்குப் பெயர் கிரியா யோகம்: தபஸ், ஸ்வாத்யாயம், ஈஸ்வர பிரணிதானம் (2.1). அதன் பயன் இரண்டு என்று அடுத்த சூத்திரமே சொல்கிறது: சமாதியை, அதாவது மனம் ஒன்றில் முழுதாக ஒடுங்கும் நிலையைப் பழக்குவது, கிலேசத்தை இளைக்க வைப்பது. நம்மில் பலர் முதல் பயனோடு நின்றுவிடுகிறோம்.

தபஸ் என்றதும் பட்டினி கிடக்க வேண்டாம். சித்தத்தின் தெளிவைக் கெடுக்காத அளவில்தான் அதைச் செய்ய வேண்டும் என்று வியாசர் உரையே எல்லை போட்டுவிடுகிறது. பசி வந்ததும் உடனே எழாமல் ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது, பதில் சொல்லத் துடிக்கும் நாக்கை மூன்று மூச்சு வரை நிறுத்திவைப்பது, இந்த அளவே தொடக்கத்துக்குப் போதும். விரதம் இருக்கிற நாளில் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தால் அது தபஸில் சேராது. ஸ்வாத்யாயம் என்பது ஜபமும் மோட்ச நூல் வாசிப்பும். ஒரு நாளைக்கு ஒரு சூத்திரம் அல்லது ஒரு பாடல், அதையே நாள் முழுவதும் மனத்தில் வைத்திருந்தால் போதும், பத்துப் பக்கம் தேவையில்லை. ஈஸ்வர பிரணிதானம் என்றால் செய்த வேலையின் பலனை இறைவனிடம் விட்டுவிடுவது. வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு விளைவை மட்டும் அவன் தலையில் போடுவது இதில் அடங்காது.

கோபத்துக்கென்று நேராகச் சொன்ன மருந்து பிரதிபக்ஷ பாவனை, அதாவது எதிர்ப்பக்கத்தை நினைப்பது (2.33, 2.34). இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள். கோபம் வரும்போது வலுக்கட்டாயமாக நல்ல எண்ணத்தை நினைப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே கொதிப்பு, மேலே 'அவர் நல்லவர்தான்' என்ற வசனம். பத்து நிமிடத்தில் வசனம் தோற்றுவிடும். சூத்திரம் சொல்வது வேறு: இந்த எண்ணம் முடிவில்லாத துக்கத்தையும் அறியாமையையும் பலனாகத் தரும் என்று அதன் விளைவைப் பார்ப்பது. யாரைப் பற்றிய கோபமோ அவரை விட்டுவிட்டு, கோபத்தையே பார்க்க வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கூட்டத்தில் ஒருவர் எல்லோர் முன்னாலும் உங்கள் வேலையைக் குறை சொல்கிறார். முதலில் உடம்பில் தெரியும்: தாடை இறுகும், மூச்சு மார்புக்கு மேலே ஏறி நிற்கும், காது மடல் சூடாகும். அடுத்து 'என்னைப் பார்த்தா இப்படி' என்று ஒரு வரி ஓடும். அதில் 'என்னை' என்பது அஸ்மிதை. நல்ல பெயர் வேண்டும் என்பது ராகம். அது பறிபோனதில் துவேஷம். மூன்றும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். முதல் சில மாதங்களில் உங்களால் பிடிக்க முடிவது தாடையை மட்டும்தான். அதைப் பிடித்தால் போதும். மூச்சை நீளமாக வெளியே விட்டு, இதற்குப் பதில் சொன்னால் இன்று இரவு வரை இது என்னுள் எத்தனை முறை ஓடும் என்று கேளுங்கள்.

பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஹிம்சை மூன்று வகையில் நடக்கும்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதை உள்ளூர ஆமோதிப்பது. ஒவ்வொன்றும் லோபத்தாலோ (பேராசை) கோபத்தாலோ மோகத்தாலோ (அறிவு மயக்கம்) வரும். அது மென்மையாகவோ நடுத்தரமாகவோ தீவிரமாகவோ இருக்கும். மூன்றை மூன்றால் பெருக்கி, மறுபடி மூன்றால் பெருக்கினால் 27. மறுநாள் அதே மனிதரை வேறொருவர் திட்டும்போது உங்களுக்குள் ஒரு குளிர்ச்சி வருகிறதே, அது ஆமோதிப்புக் கணக்கில் போகும். வாயை அடக்கியவர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கிலேசம் இளைத்ததா என்று பார்க்க இதைவிடக் கச்சிதமான சோதனை வேறில்லை.

இனி உட்காரும் அரை மணி நேரம். இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதோடு சூத்திரம் நிறுத்திக்கொள்கிறது (2.46). கால் மரத்துப்போனால் பீடத்தை உயர்த்துங்கள், அல்லது நாற்காலியில் உட்காருங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

மூச்சைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். திருமந்திரம் பூரகத்துக்கு (மூச்சை உள்ளே இழுப்பது) 16, கும்பகத்துக்கு (அடக்கி நிறுத்துவது) 64, ரேசகத்துக்கு (வெளியே விடுவது) 32 என்று மாத்திரைக் கணக்குத் தருகிறது; மாத்திரை என்பது இங்கே கால அளவு. அதைப் படித்துவிட்டு நேராக 64 எண்ண ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பழக்கம் முற்றியவருக்கான அளவு, கூட ஆசான் இருக்க வேண்டும். தொடக்கத்தில் கும்பகமே வேண்டாம். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். வெளியே விட்டு முடித்ததும் அடுத்த மூச்சு அவசரமாகப் பாய்ந்து வந்தால் உங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சியால் தூக்கம் போனாலோ, படபடப்பும் பயமும் நீடித்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைக் குண்டலினி என்று பெயர் வைத்துத் தொடர வேண்டாம்.

மூச்சு சமமான பிறகு மனத்தை ஒன்றில் வைக்கிறீர்கள். இங்கே வரும் தடைகளுக்கு, அத்வைத ஆசான் கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை (மூன்றாம் பிரகரணம், அதாவது அத்தியாயம்) தரும் கணக்கை விடத் தெளிவானதை நான் பார்த்ததில்லை. லயம், விக்ஷேபம், கஷாயம், ரசாஸ்வாதம் என்று பின்வந்த வேதாந்த நூல்கள் நான்காக வரிசைப்படுத்தும்.

லயம் தூக்கத்தின் தங்கை. ஐந்து நிமிடம்தான் ஆனது போலத் தோன்றும், கடிகாரம் இருபது காட்டும். முகவாய் மார்பில் இறங்கியிருக்கும், எழுந்தால் தலை கனக்கும். பலர் இதைச் சமாதி என்று எண்ணி மகிழ்கிறார்கள். மருந்து எழுப்புவது: கண்ணைப் பாதி திறவுங்கள், முதுகைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். அப்படியும் தினமும் வந்தால் இரவுத் தூக்கத்தையும் உணவின் அளவையும் பாருங்கள். வயிற்றில் கால் பங்கு காலியாக இருக்கட்டும் என்பது ஹடயோக பிரதீபிகையின் விதி.

விக்ஷேபம் எல்லோருக்கும் தெரிந்த அலைச்சல். எங்கெங்கே போகிறதோ அங்கிருந்து திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். 'ஐயோ, மறுபடியும் போய்விட்டதே' என்று சலித்துக்கொள்வது இன்னொரு அலைச்சல்.

கஷாயம் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. தூக்கமும் இல்லை, அலைச்சலும் இல்லை, ஆனால் மனம் மரத்துப்போய் நிற்கும். அடியில் விருப்பு வெறுப்பின் வாசனை, அதாவது பழைய பதிவு, அழுந்திக் கிடக்கும். வெளிப் பார்வைக்கு அமைதிதான். எழுந்ததும் கடுகடுப்பு வந்தால் இதைச் சந்தேகியுங்கள். இதற்குக் காரிகை தரும் மருந்து, இன்னது என்று அறிந்துகொள்வது. அமைதியைக் கலைக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். அடியில் எந்த மனிதர், எந்தப் பேச்சு கிடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு விடுங்கள்.

ரசாஸ்வாதம், வந்த சுகத்தைச் சுவைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது. மேலே சொன்ன ராகம் இதுதான். சுகம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். அதைக் கவனிக்கிறவனிடம் கவனத்தைத் திருப்புங்கள். அமைதி வருகிறது, போகிறது. இரண்டையும் அறிவது எதுவோ அது அமைதியோடு வரவுமில்லை, போகவுமில்லை. இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிவதையே பதஞ்சலி விவேக க்யாதி என்கிறார். கைவல்யத்துக்கு, அதாவது யோகம் சொல்லும் முக்திக்கு, வழி அதுதான்.

ஒளி தெரிவதற்கு ஒரு வரி போதும். மனத்தை நிறுத்த உதவும் பிடிமானங்களில் ஒன்றாகச் சோதியை 1.36 சொல்கிறது, சித்திகள், அதாவது பயிற்சியில் வரும் அபூர்வ ஆற்றல்கள், சமாதிக்கு இடையூறு என்று மூன்றாம் பாதம் எச்சரிக்கிறது. தெரிந்தால் தெரியட்டும், தேடாதீர்கள்.

முக்தி என்பதற்கு எல்லா நெறிகளும் ஒரே பொருள் சொல்வதில்லை. யோகத்தில் அது புருஷன் (அறியும் ஆன்மா) பிரகிருதியிலிருந்து (மனமும் உடம்பும் அடங்கிய இயற்கை) தனித்து நிற்பது. அத்வைதத்தில் எப்போதும் இருக்கும் பிரம்மமே தான் என்ற அறிவு. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் முதலிய மலங்கள் அருளால் வலியிழந்து உயிர் சிவத்தோடு கூடுவது. இதில் எது சரி என்ற வாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். மூன்றிலுமே நான், எனது என்ற பிடி தளர்ந்தாக வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் எழுதிய ஜீவன்முக்தி விவேகம் உங்கள் சிக்கலையே எடுத்துக்கொள்கிறது. தத்துவ ஞானம் (மெய்யறிவு), மனோநாசம் (மனம் அடங்குவது), வாசனாக்ஷயம் (பழைய பதிவுகள் தேய்வது) மூன்றையும் சேர்த்தே பழக வேண்டும் என்கிறது. ஒன்றை மட்டும் வளர்த்தால் மற்ற இரண்டும் இழுத்துப் போட்டுவிடும். படித்தவர்களின் கோபத்துக்கும் தியானிகளின் கோபத்துக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது.

விவேகம் வந்தவருக்குக்கூட இடைவெளிகளில் பழைய சமஸ்காரத்திலிருந்து (மனப்பதிவு) வேறு எண்ணங்கள் எழும் என்று 4.27 ஒத்துக்கொள்கிறது. ஆகவே கோபம் வந்தது என்பதை மட்டும் வைத்துத் தோல்வி என்று முடிவு கட்ட வேண்டாம். ஞானத்தால் சுட்ட கிலேசம் வறுத்த விதை மாதிரி, முளைக்காது என்கிறது வியாசர் உரை. அது கடைசிக் கட்டம். நாம் இருப்பது இளைக்க வைக்கும் கட்டத்தில்.

எத்தனை ஆண்டு ஆகும் என்று நூல் எண் கொடுப்பதில்லை. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு என்று மூன்று நிபந்தனை மட்டும் வைக்கிறது (1.14). மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முன்பு சின்ன விஷயத்துக்கு வந்த கோபம் இப்போது பெரிய விஷயத்துக்குத்தான் வருகிறதா? தாடை இறுகுவது பேச்சு வெளியே வருவதற்கு முன்பே தெரிகிறதா? நடந்து முடிந்த சண்டை மனத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பிடிக்காதவருக்குக் கெடுதல் நேர்ந்தால் வரும் குளிர்ச்சி குறைந்திருக்கிறதா? நான்கில் இரண்டு மாறியிருந்தால் இப்போது செய்வதையே தொடருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் அரை மணி நேரத்தை ஒரு மணி நேரம் ஆக்காதீர்கள்; அதே அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு, மூன்று மூச்சு நிறுத்துவதையும் பிரதிபக்ஷ பாவனையையும் பகலில் கூட்டுங்கள்.