விலையில்லாத ரெட்ராமரைக் கேட்கும் முன்

கேள்வி: டெங்கு நோயாளரின் குருதியில் ரி-கலங்களை (நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை) ஆராயும் பட்டப்பின்படிப்பு மாணவி நான். குறித்த வைரசுக்குரிய ரி-கலங்களில் ஒட்டி அவற்றை அடையாளம் காட்டும் ரெட்ராமர் என்ற ஆய்வுப்பொருளை அமெரிக்காவிலுள்ள பொது நிலையமொன்றிடம் விலையின்றிக் கேட்டுப் பெறலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். இதை எப்படி இலவசமாகத் தருகிறார்கள்? விண்ணப்பிக்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் பேராசிரியர் குறிப்பிடுவது அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் நிதியில் இயங்கும் ரெட்ராமர் நிலையத்தையே. பொருளுக்கு விலையில்லை, அனுப்பும் செலவு மட்டும் பெறுபவருடையது.

எச்எல்ஏ என்பது வைரசின் சிறு புரதத் துண்டுகளை (பெப்டைட்) கலத்தின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் புரதம்; அதன் வகை ஆளுக்காள் மாறும். பெப்டைட் ஒன்றை ஏந்திய எச்எல்ஏ புரதம் தனியாக ரி-கலத்தைப் பற்றினால் சில நொடிகளில் கழன்றுவிடும். அத்தகைய நான்கை, ஒளிரும் சாயமேற்றிய ஸ்ட்ரெப்டவிடின் என்ற இணைப்புப் புரதத்தில் கோத்தால் பிடி நிலைக்கும் என்பதை ஜோன் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் முதலான ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். இந்த நான்கின் கோவையே ரெட்ராமர். ஆனால் எச்எல்ஏ வகைக்கும் பெப்டைட்டுக்கும் ஏற்ப ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தாக வேண்டும். புரதத்தை பற்றீரியாவில் உருவாக்கி, பெப்டைட்டுடன் சேர்த்து மீள மடிக்கும் வேலைக்கு நாட்களும் தேர்ந்த கைகளும் தேவை. ஒரு முறை செய்வதோ ஓர் ஆய்வுகூடத்தின் தேவையை விடப் பன்மடங்கு மிஞ்சும். ஊருக்கெல்லாம் ஓரிடத்தில் சமைப்பதே சிக்கனம் என்பதால்தான் பொது நிதியில் இந்த ஏற்பாடு.

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியது. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் உங்கள் நோயாளரின் எச்எல்ஏ வகையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியரிடையே மிகுந்திருக்கும் ஏ2 வகைக்கே ஆய்வுகள் அதிகம் என்பதால் பலர் அதையே கேட்டுவிடுகின்றனர்; தெற்காசியரிடையே ஏ11, ஏ24, ஏ33 ஆகியனவும் பரவலாக உள்ளன. நோயாளரிடம் அந்த வகை இல்லாவிட்டால் எவ்வளவு தரமான ரெட்ராமரும் ஒளிராது. அந்த வெறுமையை "ரி-கலம் இல்லை" என எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. டெங்குவின் என்எஸ்3 புரதத்தில் ஏ11 ஏந்தும் பெப்டைட் ஒன்றைக் கொண்டு தாய்லாந்து நோயாளரில் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. அங்கிருந்து தொடங்குவது உங்களுக்குப் பொருந்தலாம். டெங்கு வைரசின் நான்கு வகைகளிடையே அப்பெப்டைட்டின் அமினோ அமில வரிசை சற்றே மாறக்கூடும் என்பதால், எந்த டெங்கு வகைக்குரியது வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள். டெங்குவுடன் தொடர்பற்ற பெப்டைட் கொண்ட ஒப்பீட்டு ரெட்ராமரையும் சேர்த்தே கேளுங்கள். தேடும் கலங்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கக்கூடும். ஒப்பீடின்றி அத்தனை சிறிய தொகையை நம்ப முடியாது.

சாயமேற்றிய ரெட்ராமரை உறையவைக்கக் கூடாது. 4 பாகை செல்சியசில், ஒளிபடாமல் வைக்க வேண்டும். பெட்டி கட்டுநாயக்கவில் இறங்கியதும் சுங்கத்தில் நல்லெண்ணத்துடன் உறைகுளிர்ப் பெட்டிக்குள் வைத்துவிடவும் கூடும், வெயிலில் விட்டுவிடவும் கூடும். ஆகவே இறக்குமதி அனுமதிக் கடிதங்களை முன்கூட்டியே பெற்று, பெட்டி வந்த அன்றே எடுத்து வர ஒருவரை நியமியுங்கள். வெள்ளிக்கிழமை வந்து சேரும்படி மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள்.