ஸ்கோப் வாங்கும்போது முதல் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் நண்பர் ஒருவர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். குட்டி போடும் காலத்தில் கயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த சிறிய விலங்கு) தொல்லை தாங்கவில்லை. என்னிடம் .223 ரெமிங்டன் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இருக்கிறது. கடையில் 6-24×50 ஸ்கோப்பைக் (ரைஃபிள் மேல் மாட்டும் தொலைநோக்கி) காட்டி, "எவ்வளவு தூரத்தில் நின்றாலும் பளிச்சென்று தெரியும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு அது வேண்டாம். 6-24×50 என்றால் 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மி.மீ. என்று அர்த்தம். கடையில் எல்லோருடைய கண்ணும் 24-க்குத்தான் போகும். கயோட்டிக்கு நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 6.

ஹில் கன்ட்ரி பெரும்பாலும் சீடர் (cedar) மரமும் ஓக் மரமும் மண்டிய புதர்க்காடு. முயல் அலறுவது போன்ற ஒலியை எழுப்பிக் காத்திருந்தால், கயோட்டி 30, 40 கஜத்தில் திடீரென்று புதரிலிருந்து வெளிப்படும், அதுவும் ஓட்டமாக. 6 மடங்கில் 100 கஜத் தூரத்தில் ஏறக்குறைய 17 அடி அகலம்தான் கண்ணில் படும். 40 கஜத்தில் 7 அடிகூட இல்லை. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிவிட்டு, விலங்கு எங்கே என்று கண்ணாடிக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் அது போய்விடும். 3 மடங்கில் அதே 40 கஜத்தில் 13 அடி கிடைக்கும்.

ஆகவே 3-9×40, 2.5-10×42, 3-12×42 இந்த மூன்றில் ஒன்று. 250 முதல் 400 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். காத்திருக்கும்போது எப்போதும் மிகக் குறைந்த மடங்கில், அதாவது 2.5 அல்லது 3-இல், வைத்திருங்கள். தூரத்தில் நின்றால் கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும். பக்கத்தில் வந்துவிட்டால் குறைக்க நேரம் இருக்காது.

"9 மடங்கு 300 கஜத்துக்குப் போதுமா?" என்று அடுத்து கேட்பீர்கள். போதும். கயோட்டியின் நெஞ்சுப் பகுதி 6 முதல் 8 அங்குலம். 55 கிரெய்ன் (சுமார் 3.6 கிராம்) குண்டு விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்பினால், 200 கஜத்துக்கு ஜீரோ செய்த (அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி சரிசெய்த) .223 ரைஃபிள் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலேயும், 250 கஜத்தில் மூன்று, மூன்றரை அங்குலம் கீழேயும் அடிக்கும். அதுவரை நடுவில் குறி வைத்தாலே சரி. 300-இல் 7, 8 அங்குலம் இறங்கும்; முதுகுக் கோட்டுக்கு நான்கு அங்குலம் மேலே வைத்தால் போதும். டரட்டை, அதாவது குறியை ஏற்றி இறக்கும் ஸ்கோப் திருகை, தொடும் வேலையே கிடையாது.

50 மி.மீ. கண்ணாடி இருட்டில் உதவும் என்பார்கள். முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6.7 மி.மீ. ஒளிக்கற்றை வெளியே வருகிறது. அந்தி நேரத்தில் கண்பாவை விரிவதே 5 முதல் 7 மி.மீ.தான். அதற்கு மேல் வரும் வெளிச்சம் கண்ணுக்குள் போகாது, எடைதான் கூடும். 3-9×40 ஏறக்குறைய 350, 400 கிராம். 6-24×50 பெரும்பாலும் 700 கிராமைத் தொடும். நாள் முழுக்கச் சுமப்பது நீங்கள்.

கேள்வி: கோடையில் தெற்கு டகோட்டாவில் பிரெய்ரி டாக் சுடப் போகிறோம். .22-250 ரைஃபிள், பைபாட் (இரண்டு கால் தாங்கி) வைத்து உட்கார்ந்தபடி 150 முதல் 400 கஜம் வரை. இதற்காவது பெரிய ஸ்கோப் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. வளைவாசலில் நிமிர்ந்து நிற்கும் இந்த அணில் இனத்தின் அகலம் மூன்று, நான்கு அங்குலம்தான். அது ஓடி வரப்போவதும் இல்லை. 4.5-14, 6-18, 6-24 எல்லாமே பொருந்தும். ஆனால் இங்கே காசு கொடுக்க வேண்டியது மடங்குக்கு அல்ல, பேரலாக்ஸ் சரிசெய்யும் பக்கவாட்டுத் திருகுக்கு.

தலை கொஞ்சம் நகர்ந்தால், ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடும் (குறிவைக்க உதவும் குறுக்குக் கோடுகள்) இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரியும் பிழைதான் பேரலாக்ஸ். திருகு இல்லாத ஸ்கோப்புகளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து பூட்டிவிடுவார்கள். 50 மி.மீ. கண்ணாடி, 100 கஜத்துக்குப் பூட்டியது, இலக்கு 300 கஜத்தில் என்றால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை அதிகபட்சம் 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். கயோட்டியின் நெஞ்சில் இரண்டு அங்குலம் ஒரு பொருட்டில்லை. பிரெய்ரி டாக்கில் அது முழுத் தவறல்.

திருகு இருந்தும் பலர் தப்பாக வைப்பார்கள். முதலில் ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் பக்கத்துக் கண்ணாடி. வெறும் வானத்தைப் பார்த்து, ஒரு விநாடி மட்டும் எட்டிப் பார்த்துக் கண்ணை எடுங்கள். குறிக்கோடு பார்த்த உடனே கூர்மையாகத் தெரியும்வரை ஐபீஸைத் திருகுங்கள். தொடர்ந்து உற்றுப் பார்த்தால் கண் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றிவிடும். அது முடிந்த பிறகுதான் பக்கத் திருகு. அதில் பொறித்திருக்கும் 200, 300 என்ற எண்களை நம்ப வேண்டாம். தலையை மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள், குறி அசையாமல் நிற்கும் இடம்தான் சரியான இடம்.

இன்னொன்று கானல். பகல் பதினொரு மணிக்கு மேல் புல்வெளி கொதிக்க ஆரம்பித்தால் 24 மடங்கில் பிரெய்ரி டாக் தண்ணீருக்கடியில் நெளிவது போலத் தெரியும். கண்ணாடி எத்தனை ஆயிரம் டாலராக இருந்தாலும் இதற்கு மருந்து இல்லை. 12, 14-க்கு இறக்கிவிட்டுச் சுடுங்கள். 24 மடங்கு வாங்கியவர்களும் பெரும்பாலான நாள் 14-இல்தான் இருப்பார்கள். வரிசையாகச் சுட்டால் சூடான குழலிலிருந்தும் கானல் எழும்; ரைஃபிளை மாற்றி மாற்றிச் சுடுவது குழலுக்கும் நல்லது.

கேள்வி: குறிக்கோடு முதல் குவியத் தளத்தில் இருப்பதா, இரண்டாவதில் இருப்பதா? விலை வித்தியாசம் நிறைய இருக்கிறது.

பதில்: இரண்டாவது தளத்தில் மடங்கை மாற்றினாலும் கோட்டின் அளவு மாறாது, ஆனால் அதில் உள்ள படிக்குறிகள் (குண்டு இறங்கும் அளவுக்கு ஏற்ப மேலே குறிவைக்க உதவும் சிறு கோடுகள்) ஒரே ஒரு மடங்கில்தான், பெரும்பாலும் உச்ச மடங்கில்தான், சரியாக இருக்கும். மேலே சொன்ன .22-250-ஐ 200 கஜத்துக்கு ஜீரோ செய்தால், 300 கஜத்தில் குண்டு ஐந்து, ஆறு அங்குலம் இறங்கும். கிட்டத்தட்ட 2 எம்.ஓ.ஏ. (கோண அளவு; 1 எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம், 300 கஜத்தில் அதன் மூன்று மடங்கு). 24 மடங்கில் 2 எம்.ஓ.ஏ. குறியை வைத்துச் சுட்டால் படும். கானலுக்காக 12-க்கு இறக்கிவிட்டு அதே குறியை வைத்தால், அது இப்போது 4 எம்.ஓ.ஏ. குண்டு குறிவைத்த இடத்துக்கு ஆறு அங்குலம் மேலே பறக்கும். "நேற்று சரியாகப் பட்டதே" என்ற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

முதல் தளத்தில் இந்தச் சிக்கல் இல்லை, மடங்கோடு சேர்ந்து கோடும் பெரிதாகிச் சிறிதாவதால் எந்த மடங்கிலும் குறி சரி. ஆனால் குறைந்த மடங்கில் கோடு மயிரிழையாகிவிடும். விடியற்காலைப் புதரில் கண்ணுக்கே தெரியாது. எனவே அழைத்துச் சுடும் கயோட்டி வேட்டைக்கு இரண்டாவது தளம், மடங்கை மாற்றிக்கொண்டே படிக்குறியால் சுடுபவருக்கு முதல் தளம். கயோட்டிக்கும் முதல் தளம்தான் வேண்டும் என்றால் நடுப்புள்ளி ஒளிரும் வகையை எடுங்கள்.

கேள்வி: எம்.ஓ.ஏ. நல்லதா, மில் நல்லதா?

பதில்: இரண்டும் கோணத்தை அளக்கும் அலகுகள்தான், எதை எடுத்தாலும் சரி. டரட்டின் ஒரு கால் எம்.ஓ.ஏ. கிளிக் 100 கஜத்தில் 0.26 அங்குலம், 0.1 மில் கிளிக் 0.36 அங்குலம். கோடு ஒன்றிலும் டரட் இன்னொன்றிலும் உள்ள கலப்பு ஸ்கோப்பை மட்டும் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: புது ஸ்கோப். ஜீரோ செய்து ஒரு வாரத்தில் மூன்று அங்குலம் தள்ளி அடிக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: அனுப்புவதற்கு முன் மாட்டிய விதத்தைப் பாருங்கள். ஸ்கோப்பை விட, அதைப் பிடிக்கும் ரிங்கும், ரிங்கை ரைஃபிளோடு இணைக்கும் பேஸும்தான் அதிகம் சொதப்பும்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேஸ் திருகுகளையும் துளைகளையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெயை எடுங்கள். பேஸ் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு. ரிங் மூடித் திருகுகளுக்கு வேண்டாம். முன்பக்கத் திருகு நீளம் கூடினால் குழலின் மரையில் முட்டி நிற்கும், இறுகியதுபோலத் தோன்றும், பேஸ் ஆடிக்கொண்டிருக்கும். போல்ட் இழுக்கும்போது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கண்தூரத்தை (கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையே வேண்டிய இடைவெளி) உச்ச மடங்கில் வைத்து முடிவு செய்யுங்கள், ஏனெனில் அங்கேதான் அது குறைவு. ரிங் மூடிகளை குறுக்கு வரிசையில், இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) 15 முதல் 18 இன்ச்-பவுண்டு வரை இறுக்குங்கள். ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கை பலத்தில் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டிய பாகம் பிடித்துக்கொள்ளும்; பக்கத் திருகு கனமாகச் சுற்றுவது அதன் அடையாளம். ரிங்கிலும் குழாயிலும் சேர்த்து வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் ஸ்கோப் வழுக்குகிறது.

ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டை) ரைஃபிளோடு பிடிக்கும் ஆக்‌ஷன் திருகுகள் தளர்ந்திருந்தாலும், குண்டின் வகை மாறியிருந்தாலும் இதே கதைதான்.

இவை எல்லாம் சரி என்றால் ஸ்கோப்பையே சோதியுங்கள். 100 கஜத்தில் உயரமான அட்டையில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு போட்டு, கீழே சுடுங்கள். டரட்டில் 20 எம்.ஓ.ஏ. மேலேற்றி, அதே புள்ளியில் குறிவைத்து மறுபடி சுடுங்கள். 20.9 அங்குலம் ஏறியிருக்க வேண்டும், கோட்டை விட்டு விலகக் கூடாது, திருப்பி இறக்கினால் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அனுப்புங்கள்.

கேள்வி: கயோட்டி இரவில்தான் வருகிறது. தெர்மல் ஸ்கோப் (உடல் வெப்பத்தைக் கொண்டு இருட்டில் காட்டுவது) விளம்பரத்தில் "1,000 கஜம் வரை கண்டறியும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கண்டறிவது வேறு, இன்னதென்று அடையாளம் காண்பது வேறு. 12 மைக்ரான் சென்சார், 35 மி.மீ. லென்ஸ் என்று வையுங்கள். 200 கஜத்தில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6.3 செ.மீ.யை மறைக்கும். கயோட்டியின் உடல் நீளம் சுமார் 80 செ.மீ.; ஆக 13 பிக்சலில் ஒரு வெள்ளைப் பொட்டு. டிஜிட்டல் ஜூம் அதே 13 பிக்சலைப் பெரிதாக்கும், புதிதாக எதையும் காட்டாது. டெக்சஸ் ஆட்டுப் பண்ணைகளில் கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்கள் மந்தையோடு இரவில் சுற்றும். பொட்டை நம்பிச் சுட்டால் நண்பரின் நாய் போய்விடும்.

384 பிக்சல் அகல சென்சாருக்கும் 640 பிக்சல் அகல சென்சாருக்கும் விலை வித்தியாசம் நிறைய இருக்கும். லென்ஸ், பிக்சல் அளவு ஒன்றாக இருந்தால் 640 தருவது கூடுதல் பார்வை அகலம்தான், கூடுதல் நுணுக்கம் இல்லை. நுணுக்கம் வேண்டுமானால் 50 மி.மீ. லென்ஸ். மூடுபனியில் எல்லாமே மங்கும். தேடுவதற்குக் கையில் பிடிக்கும் தெர்மல் மோனாகுலர் (ஒற்றைக் கண் தொலைநோக்கி) தனியாக வாங்குங்கள்; ரைஃபிளைச் சுழற்றிச் சுழற்றித் தேடுவது ஆபத்து. இரவு வேட்டை விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், முதலில் அதைப் படியுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஸ்கோப் வாங்கத் தடை உண்டா? ஊரில் தம்பிக்கு ஒன்று எடுத்துப் போகலாமா?

பதில்: ஸ்கோப் துப்பாக்கி அல்ல, வாங்கலாம். ஆனால் குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையாகப் பெற்ற, காலாவதியாகாத அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் உள்ள விலக்குகளில் ஒன்று. உரிமம் முடிந்த நாளில் விலக்கும் முடியும். மாநிலச் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வேண்டாம். ரைஃபிள் ஸ்கோப்புகள் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருபவை. தெர்மல் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். அன்பளிப்பு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவதும் ஏற்றுமதிதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நரி வேட்டையும் குற்றம். தம்பி துப்பாக்கி சுடும் சங்கத்தில் பயிற்சி செய்பவர் என்றால், அங்கே உரிய வழியில் இறக்குமதி செய்து விற்பவரிடம் வாங்கச் சொல்லுங்கள்.