கலந்த உடனே பார்த்தால் தெரியாது

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்). முன்பெல்லாம் ஃபாக்டர் 8 (ரத்தம் உறைய உதவும் புரதம்) ஏற்றினால் மறுநாளே முட்டி வீக்கம் வடிந்துவிடும். இந்த முறை மூன்று டோஸ் போட்டும் அப்படியே இருக்கிறது. மிக்ஸிங் டெஸ்ட் நார்மல் என்று லேப்பில் சொன்னார்கள். டாக்டரோ இன்னொரு இன்ஹிபிட்டர் டெஸ்ட் எழுதியிருக்கிறார். தேவையா?

பதில்: தேவைதான், அம்மா. வழக்கமான மருந்து கேட்கவில்லை என்பதே பெரிய தடயம். ஏற்றுகிற ஃபாக்டரை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்குவதைத்தான் இன்ஹிபிட்டர் என்கிறோம். கடுமையான ஏ வகைக் குழந்தைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இது வருகிறது. நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை.

மிக்ஸிங் டெஸ்டில் பையனின் பிளாஸ்மாவையும் ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஃபாக்டர் 8-ஐத் தாக்கும் இன்ஹிபிட்டர் நிதானமாக வேலை செய்கிற ஆசாமி. கலந்த கையோடு பார்த்தால் எல்லாம் நார்மல் மாதிரியே இருக்கும். 37 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் வைத்திருந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது அளவு இருக்கிறதா? நிறைய ரிப்போர்ட்டுகளில் நான் தேடுவது அதைத்தான்.

அப்படியே பார்த்திருந்தாலும், அளவு குறைவான இன்ஹிபிட்டர் அதில் நழுவிவிடலாம். அதனால்தான் இன்ஹிபிட்டர் எவ்வளவு என்று அளக்கும் பெதஸ்டா டெஸ்ட், முடிந்தால் அதன் திருத்திய வடிவமான நைமேகன் முறை. அதில் 0.6 யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பொதுவாக பாசிட்டிவ். 5-க்குக் கீழே என்றால் ஃபாக்டரைக் கூடுதலாகக் கொடுத்துப் பெரும்பாலும் சமாளிக்கலாம். 5-ஐத் தாண்டினால் ஃபாக்டர் 8-ஐக் கொட்டினாலும் பிடிக்காது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வேறு மருந்துகள் வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போது கடைசியாக ஃபாக்டர் போட்ட நாள், நேரம் இரண்டையும் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் ஃபாக்டர் இன்ஹிபிட்டரை மறைத்துவிடும். லேப்பில் பிளாஸ்மாவை 56 டிகிரியில் சூடாக்கி அந்த மிச்ச ஃபாக்டரை நீக்குவார்கள். பையன் எமிசிசுமாப் (ஃபாக்டர் 8-இன் வேலையைச் செய்யும் மருந்து) ஊசி போடுகிறான் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். உறையும் நேரத்தைப் பார்க்கும் சாதாரண ஏபிடிடி முறை அங்கே இன்ஹிபிட்டர் இருந்தாலும் இல்லாத மாதிரி காட்டி ஏமாற்றும்.

ரிசல்ட்டுக்காக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஹீமோஃபிலியா சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை காலுக்கு ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ். எண்ணெய் போட்டு நீவக் கூடாது. புரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. அப்புறம், வலிக்கு இடுப்பில் ஊசி என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.