ஆள் முகம் பார்க்காத வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: ஆட்களோடு அதிகம் பழகாமல் பிழைக்க என்ன வழி? கேட்பதில் தப்பே இல்லை. கலகலப்பாகப் பேசாதவர் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று சொல்கிறவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் பேச்சைக் குறைக்க நினைப்பவர் எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வந்த கடிதங்களில் பாதி அப்படி இல்லை.

மைக்ரோபயாலஜி முடித்தேன். மெடிக்கல் கோடிங் வேலை என்றுதான் சேர்ந்தேன். இப்போது ராத்திரி முழுக்க அமெரிக்காவுக்குப் போன் பேசச் சொல்கிறார்கள். (திருச்சி)

உங்களைச் சேர்த்திருப்பது ஏ.ஆர். காலிங்கில். இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, பணம் ஏன் வரவில்லை என்று கேட்கிற வேலை அது. கோடிங் என்பது நோயாளியின் சார்ட்டைப் படித்து நோய்க்கு ஐ.சி.டி., சிகிச்சைக்கு சி.பி.டி. என்று குறியீட்டு எண்களைப் போடுவது, அதற்குப் பேச்சே வேண்டாம். இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கும். ஆஃபர் லெட்டரில் எந்த ப்ராசஸ் என்று எழுதியிருந்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இருந்துகொண்டே சி.பி.சி. என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படியுங்கள், பாஸ் ஆனதும் மாறலாம். கோடிங்கிலும் தினசரி டார்கெட் உண்டு, ஆடிட்டில் 95 சதவீதம் தேற வேண்டும். எங்கே சேர்ந்தாலும் காலையில் உட்கார்ந்ததும் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வேன் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

குரூப் 4-இல் தனியாக இருக்கும் வேலை எது? (அருப்புக்கோட்டை)

டைப்பிஸ்ட். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு கிடையாது என்பது உங்களுக்கு இன்னொரு நிம்மதி. வி.ஏ.ஓ. பக்கம் போகவே போகாதீர்கள், ஊரே உங்கள் வாசலில்தான் நிற்கும்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கட்டலாமா? (ஓசூர்)
டேட்டா என்ட்ரியில் தவறு அதிகம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதல் கடிதம் எழுதியவர் பணம் கட்டினால் இரண்டாவது கடிதம் எழுதியவரின் இடத்துக்குத்தான் வந்து சேர்வார்.

வேலைக்குப் பணம் கட்டாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் மறுபடி இதே கேள்வி வருகிறது. பி.டி.எஃப். பக்கத்தைப் பார்த்து டைப் அடிக்க, பக்கத்துக்கு முப்பது நாற்பது ரூபாய் யார் தருவார்கள்? அந்தப் பக்கத்தை மெஷினே சில நொடிகளில் படித்துவிடும். இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஒரு அக்ரிமென்ட் வரும், ஆதாரும் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். பத்து நாளில் முடிக்க முடியாத அளவுக்கு வேலை தருவார்கள். தூங்காமல் முடித்துக் கொடுத்தால், ‘க்யூ.சி.யில் (தரச் சோதனையில்) பெயில், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்டுங்கள்’ என்பார்கள். மறுநாள் ‘வக்கீல் ஆபீஸ்’ என்று போன் வரும். அப்புறம் வாட்ஸ்அப்பில் முத்திரை போட்ட ஒரு காகிதம், அதன் கீழே பணம் அனுப்ப ஒரு க்யூ.ஆர். கோடு.

என்னைக் கொதிக்க வைப்பது இவர்கள் ஆள் பிடிக்கும் விதம். பேசக் கூச்சப்படுகிறவரைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். அவர் எதிர்த்துக் கேட்க மாட்டார், நேரில் வந்து சண்டை போட மாட்டார், வீட்டிலும் சொல்ல மாட்டார், அந்தப் போன் நின்றால் போதும் என்று பணத்தை அனுப்பிவிடுவார். இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாமவருக்கு: ஒரு பைசா கட்டாதீர்கள். எந்த நீதிமன்றமும் க்யூ.ஆர். கோடு அனுப்பி வசூல் செய்யாது. அக்ரிமென்ட், மிரட்டல் செய்திகள், பணம் போன விவரம் எதையும் அழிக்காமல் வையுங்கள். ஏற்கனவே கட்டியிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. போனில் பேச முடியாது என்றால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் எழுத்து மூலமாகவே புகார் கொடுக்கலாம். இன்று ராத்திரியே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ரயில்வே கேட் கீப்பர் வேலை எனக்குச் சரிப்படுமா? (விருத்தாசலம்)

தனிமை உண்டு, நிம்மதி உண்டா என்றால் சந்தேகம். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட்டை மூடிவிட்டு, அதை உறுதி செய்ய அவரோடு பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை மாற்றிக்கொண்டு ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் இதில் கவனம் பிசகக் கூடாது. மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் பைக்காரர்கள் கத்துவார்கள். தவிர, இதற்கென்று தனித் தேர்வை நம்பிக் காத்திருக்காதீர்கள். குரூப் டி எழுதி உள்ளே போக வேண்டும், எந்த இடத்தில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. கேட்டுகளும் சுரங்கப்பாதைகளாக மாறிக்கொண்டே வருகின்றன.

எம்.எஸ்சி. இயற்பியல். தொலைநோக்கியோடு ராத்திரியில் தனியாக இருக்கும் வேலை வேண்டும். (வேலூர்)

ஜவ்வாது மலையில் காவலூர் உங்களுக்குப் பக்கம்தான், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வானியல் என்பது கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து செய்வது. லடாக்கில் ஹான்லேயில் இருக்கும் தொலைநோக்கியை பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். பிஎச்.டி. வேண்டும், கருத்தரங்கில் எழுந்து நின்று பேசவும் வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் பிஎச்.டி. சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள்.

டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டிப்ளமோ) படித்தால் நோயாளிகளைப் பார்க்காமல் இருக்கலாமா? (தேனி)

சின்ன லேபில் முடியாது. காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரிசை நிற்கும், ஊசி போடுவது நீங்கள்தான். ஹிஸ்டோபேதாலஜி (திசுப் பரிசோதனை) பக்கம் போங்கள். பயாப்ஸி சதைத் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். கை பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த ஒரு ஸ்லைடை வைத்துத்தான் புற்றுநோயா இல்லையா என்று டாக்டர் முடிவு செய்கிறார். மருத்துவக் கல்லூரிகள், புற்றுநோய் மருத்துவமனைகள், பெரிய லேபுகளில்தான் இந்தப் பிரிவு இருக்கும். இங்கேயும் ‘உடனே வேலை’ என்று முன்பணம் கேட்கிறவர்கள் வருவார்கள். கட்டாதீர்கள்.

பேசாமல், வீட்டிலிருந்து, நல்ல சம்பளம். எது?

வயது, படிப்பு, ஊர் எதுவும் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கடைக்குப் போய்ப் பொருள் கேட்கக்கூடக் கை நடுங்குகிறது. அதனால்தான் இப்படி வேலை தேடுகிறேன். (நாகர்கோவில்)

உங்களுக்கு வேலையை விட அவசரமானது வேறு. தனிமை பிடிப்பது ஒரு குணம். ஆளைக் கண்டால் நடுங்குவதற்கு வைத்தியம் இருக்கிறது, நன்றாகவே குணமாகும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள். பேசத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுங்கள், அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

வயது 19. லாரி ஓட்டினால் தனியாக இருக்கலாம் அல்லவா? (சங்ககிரி)

ஓடும்போது தனிமைதான். லோடு ஏற்றும் இடத்திலும் செக்போஸ்ட்டிலும் பேசித்தான் ஆக வேண்டும். சரக்கு வண்டிக்கு 20 வயது ஆக வேண்டும், அதற்கு முன் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். இப்போதே அந்தக் கார் லைசென்ஸை (எல்.எம்.வி.) போட்டுவிடுங்கள். அந்த ஒரு வருஷத்தில் தெரிந்த டிரைவர் ஒருவரோடு கிளீனராக வடநாட்டு லோடு ஒன்றுக்குப் போய் வந்துவிட்டு எழுதுங்கள்.