அந்த நீலம் யாருடையது?

அன்புள்ள சார்,

மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். எடிட்டிங் எனக்கு வராது. கேமராவில் பதிவானபடியே இருக்கும் ரா ஃபைலை அனுப்பினால் என் தோழி நிறம், வெளிச்சம் எல்லாம் சரிசெய்து அனுப்பிவிடுவார். காசு வாங்க மாட்டார். ஜன்னலோரம் நிற்கும் என் அப்பாவின் படம் ஒன்று இப்போது ஒரு கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. சாம்பல் நிறத்துக்குள் மெல்லத் தெரியும் நீலத்தை நடுவர்கள் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. தோழியின் பெயரையும் போட வேண்டுமா? போட்டால் படமே உன்னுடையது இல்லை என்று ஆகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அவர் செய்தது சின்னச் சின்னத் திருத்தம்தான். நேரில் நிறைய நன்றி சொல்லிவிட்டேன். காசு கொடுத்துச் செய்யும்போது என்ன முறை, செயலியே தானாகத் திருத்தினால் என்ன முறை என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். காசு கொடுத்துச் செய்வதாக இருந்தால், பெயர் உண்டா இல்லையா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். செயலி விஷயத்தில் போட்டியின் விதி என்ன கேட்கிறதோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை இரண்டு வரிகள். நடுவர்கள் அந்த நீலத்தைப் பாராட்டினார்கள் என்கிறீர்கள். நாலு வரி தள்ளி, அவர் செய்தது சின்னச் சின்னத் திருத்தம்தான் என்கிறீர்கள். அந்த நீலத்தைக் கொண்டுவந்தது யார்? பாராட்டு வாங்கும்போது பெரிதாக இருந்த வேலை, பெயர் போடும்போது எப்படிச் சின்னதாகிவிட்டது?

கோபமாகத்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

இருபத்திரண்டு வயதில் ஒரு ஒளிப்படக்காரரின் இருட்டறையில் உதவியாளாக இருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் படம். பின்னால் வெளிச்சம் கொட்டுகிறது, முகம் கரி. நெகட்டிவில் முகம் இருந்தது, பிரிண்டில் வரவில்லை. வட்டமாக வெட்டிய ஒரு கறுப்பு அட்டையை மெல்லிய கம்பியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் ஒளி தாளில் விழும்போது முகத்துக்கு மேலே பிடித்து மறைப்போம். ஒளி குறைவாக விழும் இடம் தாளில் கருக்காமல் வெளுப்பாக வரும். டாட்ஜிங் என்பார்கள். சில விநாடிதான். ஆனால் கை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது; நின்றால் முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு விழுந்துவிடும். கூடுதலாக மறைத்தால் முகம் வெளிறி, பவுடர் பூசியது மாதிரி ஆகிவிடும். பதினோரு தாள் வீணானது. பன்னிரண்டாவது தாளை, படத்தை வரவைக்கும் டெவலப்பர் திரவத்தில் போட்டுத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தபோது, சிவப்பு விளக்கில் முதலில் கதவு வந்தது, அப்புறம் மூக்குத்தி, அப்புறம் கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக. ஒளிப்படக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இது உன் படம்டா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். வாசலில் இருந்த பலகையில் படங்களுக்குச் சட்டம் போட்டவர் பெயர் இருந்தது, அழைப்பிதழ் வடிவமைத்தவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். ஒருவர் அவரிடம், "அந்த முகத்தில் இருக்கும் ஒளி எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டார். "ரொம்ப நேரம் காத்திருந்தேன்" என்றார் அவர். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவர் காத்திருந்தது உண்மை. அந்தக் காத்திருப்பு இல்லாமல் அந்தப் படம் இல்லை. ஆனால் கேட்டவர் கேட்டது ஒளியைப் பற்றி.

இருட்டறைக்குள் என் தோளைப் பிடித்த அதே கைதான் அங்கே கைகுலுக்கிக்கொண்டிருந்தது. நேரில் நிறைய நன்றி சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். இரண்டு பேர் மட்டும் இருக்கும் அறையில் சொன்ன நன்றி நல்ல விஷயம்தான். அது பெயர் போட்டதாக ஆகாது.

பெயர் போட்டால் படம் உங்களுடையது இல்லை என்று ஆகிவிடுமாம். யார் அந்த நண்பர்கள்? பிரெஞ்சு ஒளிப்பட மேதை ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் தன் படங்களைப் பெரும்பாலும் தானே பிரிண்ட் போட்டவர் இல்லை. 1950-ல் பியேர் காஸ்மன் பாரிஸில் தொடங்கிய பிக்டோ ஆய்வகத்தில், வோயா மித்ரோவிச் என்பவர் பல பத்தாண்டுகள் அவருக்காகப் பிரிண்ட் போட்டார். இதைத் தெரிந்துகொண்ட யாரும் அந்தப் படங்கள் கார்ட்டியே பிரெஸ்ஸானுடையவை இல்லை என்று சொன்னதில்லை. 1955-ல் ஒளிப்படக்காரர் டென்னிஸ் ஸ்டாக், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தின் மழையில் நடிகர் ஜேம்ஸ் டீன் நடந்து வருவதை எடுத்தார். மேக்னம் என்ற ஒளிப்பட நிறுவனத்தில் பிரிண்ட் போடுபவரான பாப்லோ இனிரியோ அதே படத்தின்மேல் வட்டமும் கோடும் எண்ணுமாகக் குறித்து வைத்த ஒரு தாள் இருக்கிறது. எந்த இடத்துக்கு எத்தனை விநாடி ஒளி என்ற கணக்கு. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஸ்டாக் மேல் இருந்த மதிப்பு குறையவில்லை. இனிரியோ மேல் புதிதாக ஒரு மதிப்பு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016-ல் இத்தாலியில் ஒரு கண்காட்சியில், அமெரிக்க ஒளிப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் கியூபா படம் ஒன்றில் கணினித் திருத்தம் சொதப்பியிருந்ததை ஒரு பார்வையாளர் கண்டுபிடித்தார். தெருக் கம்பம் ஒன்றின் துண்டு இடம்மாறிக் கிடந்தது. படம் அச்சாகி அனுப்பப்பட்டபோது தான் பயணத்தில் இருந்ததாக மெக்கரி விளக்கினார், பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. படத்துக்குப் பின்னால் இன்னொரு கை இருந்தது என்பது பிழை வந்த அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது. அதே கை சரியாகச் செய்த படங்கள் எத்தனை இருந்திருக்கும்! பிழைக்கு வெளியே வருகிற கை, பாராட்டுக்கும் வர வேண்டாமா? உங்கள் படத்தில் நீலம் கொஞ்சம் கூடிப்போய் நடுவர்கள் திட்டியிருந்தால், "எடிட் பண்ணினது என் தோழி" என்று அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

படக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதும் இடம் இருக்கிறது. ஐபிடிசி மெட்டாடேட்டா என்பார்கள். அதில் படக்குறிப்பை எழுதியவர் யார் என்று குறிக்கக்கூட ஒரு கட்டம் உண்டு. இரண்டு வரி குறிப்புக்கே பெயர் உண்டு என்றால் இரவெல்லாம் உட்கார்ந்து நிறம் திருத்தியவருக்கு ஏன் கூடாது?

அப்பா ஜன்னலோரம் நின்ற அந்த நேரத்தைப் பார்த்தது நீங்கள். அவர் திரும்பாமல் நிற்பது உங்களுக்காக. அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போக முடியாது, பயப்படாதீர்கள். கீழே இரண்டு வரி போடுங்கள். "ஒளிப்படம்:" என்று உங்கள் பெயர். "நிறமும் ஒளியும் திருத்தியவர்:" என்று தோழியின் பெயர். "நன்றி" என்று மட்டும் போட்டால் அவர் என்ன செய்தார் என்றே தெரியாது. போட்டி விதியில் வெளியார் திருத்தத்துக்கு இடம் இல்லை என்றால், அமைப்பாளர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அவரைக் கேட்காமல் போடாதீர்கள். பெயர் வெளியே வருவதை விரும்பாதவர்களும் உண்டு. அவர் அனுப்பிய பிறகு நீங்கள் படத்தை வெட்டியிருந்தால், அதற்குத் தன் பெயர் வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. நாளைக்கே கூப்பிடுங்கள். பெயரை எப்படி எழுத வேண்டும், இனிஷியல் வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.