பர்மியர் சோம்பேறிகளா? - கடிதம்

அன்புள்ள ஐயா,

பர்மாவின் வரலாறு, பொருளாதாரம், மக்கள் பற்றி ஒரு சுருக்கமான அறிமுகம் எழுதுவீர்களா? என் கொள்ளுத்தாத்தா ஐராவதி டெல்டாவில் லேவாதேவி செய்தவர். பர்மியர் சோம்பேறிகள், நம் பணத்தில் வாழ்ந்துவிட்டு நன்றியில்லாமல் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள்.

– ஒரு வாசகர்

தம்பி,

1885இல் மன்னராட்சி முடிந்தது. 1948இல் விடுதலை. 1962இல் ராணுவம், 2021இல் மறுபடியும் ராணுவம். அரசுக் கணக்கில் 135 இனங்கள். அந்தக் கணக்கே சண்டைக்குரியது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

'சோம்பேறிகள்' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே அந்த டெல்டா என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1852இல் அந்த டெல்டா அடங்கிய கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அது பெரும்பாலும் காடும் சதுப்பும் மலேரியாவும்தான். மேல்பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கிவந்து அதை வெட்டித் திருத்தியவர்கள் பர்மிய விவசாயிகள். 1850களில் கீழ்பர்மாவில் சுமார் 10 லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம், 1930களில் 80 லட்சத்தைத் தாண்டியது. சோம்பேறிகள் செய்கிற வேலையா இது?

உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் போல வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களின் பணம் இல்லாமல் இது இவ்வளவு வேகமாக நடந்திருக்காது, சரி. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்களும் இல்லை. வட்டி ஒழுங்காக வந்தால் போதும். ஆனால் 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடன் நின்றது, அடமானம் மூழ்கியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் 25 சதவீதம். காடு வெட்டியவனின் மகன் அதே வயலில் குத்தகைக்காரன் ஆனான். அவன் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லுங்கள்!

உங்கள் வீட்டு வலி பொய் என்று நான் சொல்லவில்லை. 1964இல் ராணுவ அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தபோது நொறுங்கியவர்களில் வட்டிக்கடைக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? கூலிகளும் சிறு கடைக்காரர்களும் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். எங்கள் தெருவில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்ற அம்மா அப்படி வந்தவர். ராணுவத்தைத் திட்டாத நாள் கிடையாது. பக்கத்து வீட்டு பர்மியப் பெண் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்ததைச் சொல்லும்போது மட்டும் அழுதுவிடுவார்.

கொள்ளுத்தாத்தாவின் பேரேடு பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் வாங்கியவர்களின் பெயர்களையும் வயலின் அளவையும் எழுதி அனுப்புங்கள்.