முடி இருக்கட்டும், முதலில் வாந்தியைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. 118 கிலோ இருந்தேன். மூன்றரை மாதத்துக்கு முன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையை வெட்டிக் குறைப்பது) செய்துகொண்டேன். இப்போது 91 கிலோ. ஆனால், கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. மருத்துவமனையின் கோஆர்டினேட்டர் வாட்ஸ்அப்பில் ‘நார்மல்தான்’ என்று சொல்லி, 4,800 ரூபாய்க்கு பயோட்டின் (முடிக்கென்று விற்கும் வைட்டமின்) பாக்கெட் அனுப்பியிருக்கிறார். அதைச் சாப்பிடலாமா? மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, மாத்திரைகூடத் தங்குவதில்லை. பக்கத்து கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். பாதம் எரிகிறது, நடந்தால் லேசாகத் தள்ளாடுகிறது. (வாசகி, விருதுநகர்)

பதில்: முடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பயமுறுத்தியது கடைசி வரிகள்தான். உங்களுக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தனியாகத் தகவல் அனுப்பியாகிவிட்டது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பி1 என்று ஒரு வைட்டமின் உண்டு, தயமின் என்பார்கள். உடம்பில் இதற்குப் பெரிய சேமிப்பு கிடையாது. உள்ளே போவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு காலி. நாம் சாப்பிடும் சோறும் சர்க்கரையும் சக்தியாக மாற இது வேண்டும். இல்லாவிட்டால் நரம்பும் மூளையும் பட்டினி கிடக்கும். முதலில் பாதம் எரியும், மரத்துப்போகும். அப்புறம் நடை தள்ளாடும், ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சில் குழப்பம் வரும். அதற்கு மேல் விட்டால் போன ஞாபக சக்தி முழுதாகத் திரும்பாது. உங்களுக்கு இரண்டாம் படி தொடங்கிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்தாலே பி1 ஊசியை ரத்தக்குழாய் வழியாகப் போட ஆரம்பித்துவிட வேண்டும், அதுவும் பெரிய அளவில், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை கொடுத்துப் பயனில்லை.

இப்போது அந்த குளுக்கோஸ் பாட்டில். நம் ஊரில் யார் சோர்ந்து போய் உட்கார்ந்தாலும் கிளினிக்கில் முதலில் மாட்டுவது அதைத்தான். பி1 தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச பி1-ஐயும் அது செலவழித்துவிடும். தள்ளாட்டம் அதிகமாகும். தெம்புக்காக ஏற்றியது ஆளைச் சாய்த்துவிடும். முதலில் பி1 ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். நீர் வற்றியிருந்தால் அதற்கு சலைன் (உப்பு நீர்) இருக்கிறது. ‘மஞ்சள் மருந்து (பல வைட்டமின்கள் சேர்ந்த ஊசி மருந்து) கலந்துதானே போடுகிறோம்’ என்று கிளினிக்கில் சொல்லலாம். அதில் பி1 இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓர் ஆம்பூல் என்பது இந்த நிலைக்குச் சிகிச்சை ஆகாது.

இதைப் படித்துவிட்டு யாரும் குளுக்கோஸையே விஷமாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நேரத்தில் மட்டும் அதைத் தள்ளிப்போடக் கூடாது: ரத்தத்தில் சர்க்கரை உண்மையிலேயே இறங்கியிருக்கும்போது. உண்மையிலேயே என்று அழுத்திச் சொல்கிறேன். ‘சுகர் இறங்கின மாதிரி இருக்கு’ என்ற யூகம் கணக்கில்லை. விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்து, அளவு 70-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்து, ஆளும் வியர்த்துக் கொட்டி மயங்கினால், பி1 ஊசிக்காக மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டு உட்காரக் கூடாது. குளுக்கோஸைக் கொடுத்துவிட வேண்டும். பி1-ஐ அதோடு சேர்த்தோ, கிடைத்த கையோடோ போட்டுக்கொள்ளலாம். மயக்கம் இல்லாமல் விழுங்க முடிகிறவர் என்றால் வாய் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் போதும். மீட்டரில் 90, 100 என்று காட்டினால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது, பாட்டிலைக் கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது எனக்குக் கோபம் வரும் விஷயம். இந்த மாதிரி நோயாளிகளை அட்மிஷன் போடும்போது கவுண்டரில் ஒருவர் மெதுவாகச் சொல்வார்: ‘ஆபரேஷன் பண்ணினதைச் சொல்லாதீங்க, இன்சூரன்ஸ் வராது. கேஸ் டிரபிள்னு எழுதிக்கலாம்.’ பாலிசி விதியில் சிக்கல் இருப்பது நிஜம்தான். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை நோய், இதயநோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தால்தான் இந்த அறுவை சிகிச்சையையே ஏற்கிறார்கள். அதற்காக மறைத்தால் என்ன ஆகும்? இரவு டியூட்டி டாக்டருக்கு நீங்கள் சாதாரண வாந்தி கேஸ். அவர் நல்ல மனதோடு குளுக்கோஸ் ஏற்றுவார். இப்படிப் பொய் எழுதிய கேஸ் ஷீட்டோடு, படுத்த படுக்கையாக என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். க்ளெய்ம் போனால் போகட்டும். பார்க்கும் ஒவ்வொரு டாக்டரிடமும், நர்ஸிடமும் ‘இரைப்பையை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள், மூன்று வாரமாக வாந்தி, பி1 போடாமல் குளுக்கோஸ் வேண்டாம்’ என்று சொல்லுங்கள்.

சரி, வாந்தி ஏன்? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். அவசரமாக விழுங்கினாலோ, சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடித்தாலோ எப்போதாவது எதுக்களிக்கும். மூன்று வாரம் தொடர்ந்து வருவது அது அல்ல. குழாய் நடுவில் குறுகியிருக்கலாம் அல்லது முறுக்கிக்கொண்டிருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்தால் தெரியும். பெரும்பாலும் பலூன் வைத்து விரிப்பார்கள், இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். அதிலும் சரியாகாவிட்டால் மறு ஆபரேஷன். வேகமாக எடை குறைபவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் சகஜம், அதற்கு ஒரு ஸ்கேன். அப்படியே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம். எடை குறைந்தால் கருத்தரிப்பது எளிதாகும், வாந்தியில் கருத்தடை மாத்திரையும் வெளியே போய்விடும்.

எங்கே போவது? ஆபரேஷன் செய்த இடத்துக்கேதான் போக வேண்டும் என்று இல்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம், அங்கே இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். ஆபரேஷன் நோட்ஸை வீட்டிலிருந்து ஒருவர் எழுத்து மூலம் கேட்கட்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. கோஆர்டினேட்டரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. ஆளைச் சேர்ப்பதற்கு அவருக்குக் கமிஷன், பாக்கெட் விற்பதற்கும் கமிஷன். உங்கள் வாந்தியைக் கேட்டுக்கொள்வதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ‘ஆயிரம் ஆபரேஷன் முடித்தோம்’ என்று பேனர் கட்டும் இடங்களில், அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். கணக்கு இருக்காது. பேக்கேஜில் தையல் பிரிப்பது வரை உண்டு, அதற்குப் பிறகு நீங்கள் யாரோ.

கடைசியாக முடி. எடை வேகமாகக் குறையும்போது மூன்றாம், நான்காம் மாதத்தில் கொட்டும், வேர் சாவதில்லை. சாப்பாடு தங்கி, நாளைக்கு 60 கிராமாவது புரதம் உள்ளே போனால் சில மாதங்களில் நின்று, திரும்ப முளைக்கும். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டும். பயோட்டின் இதை நிறுத்தாது; போதாக்குறைக்கு, அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டும். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.